லாட்ஜில் பேச நாலு வார்த்தை ஆங்கிலம்

நம் ஊர்க்காரர்கள் பலர் பெங்களூருக்குப் போகிறார்கள். சிலர் வேலைக்குப் போகிறார்கள். சிலர் நிம்ஹான்ஸ், கித்வாய் போன்ற ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளியை அழைத்துக்கொண்டு போகிறார்கள். இரவு தங்க வேண்டி வருகிறது. மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே காந்தி நகர். அங்கே லாட்ஜுகள் நிறைய உண்டு.

'ஹோட்டல்' என்ற பலகையைப் பார்த்ததும் அறை கேட்டுவிடாதீர்கள். நம் ஊரைப் போலவே அங்கும் பல ஹோட்டல்களில் சாப்பாடு மட்டும்தான். 'லாட்ஜ்', 'ரூம்ஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்றால் சாப்பாடும் உண்டு, அறையும் உண்டு.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருப்பவர் ரிசப்ஷனிஸ்ட். பலருக்குத் தமிழ் புரியும். பிறகு ஆங்கிலம் எதற்கு? சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளும் கையில் தரும் பில்லும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நம் பணம் போவது அங்கேதான்.

"டூ யூ ஹேவ் எ ரூம்?" அறை இருக்கிறதா?

"ஹவ் மெனி பெர்சன்ஸ்?" எத்தனை பேர் என்று அவர் கேட்பார்.

"மே ஐ சீ த ரூம்?" அறையைப் பார்க்கலாமா? கூச்சப்படாமல் கேளுங்கள். குழாயையும் திறந்து பாருங்கள்.

"வாட் ஈஸ் த ரென்ட் ஃபார் ஒன் டே?" ஒரு நாள் வாடகை என்ன? கூடவே "வித் டாக்ஸ்?" என்று கேளுங்கள். வரி சேர்த்தா, தனியா என்று தெரிந்துவிடும்.

அடுத்த கேள்விதான் முக்கியமானது.

"வாட் ஈஸ் த செக் அவுட் டைம்?" அறையை எப்போது காலி செய்ய வேண்டும்?

"ட்வென்டி ஃபோர் அவர்ஸ்" என்று பதில் வரலாம். அப்படியானால் நீங்கள் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் உங்களுடையது. "ட்வெல்வ் நூன்" என்றும் பதில் வரலாம். அதாவது பகல் 12 மணி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இரவு 10 மணிக்கு அறை எடுக்கிறீர்கள். வாடகை 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி, டாக்டரைப் பார்த்துத் திரும்பும்போது மாலை 5 மணி. 24 மணி நேரக் கணக்கானால் 800 ரூபாயோடு முடிந்தது. பகல் 12 மணிக் கணக்கானால் இரண்டு நாள் வாடகை கேட்பார்கள். 1600 ரூபாய்! அது மருந்துக்கு வைத்திருந்த பணமாகவும் இருக்கலாம். பிறகு சண்டை போட்டுப் பயனில்லை, விதி சுவரில் எழுதியிருக்கும். பகல் 12 மணி என்று சொன்னால், காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு அறையைக் காலி செய்துவிடுங்கள். "கேன் ஐ கீப் மை பேக் ஹியர்?" என்று கேட்டால், மாலை வரை பையைக் கீழே வைத்துக்கொள்ளச் சில இடங்களில் சம்மதிப்பார்கள்.

பதிவேட்டில் கையெழுத்துப் போடுமுன் வந்த நேரத்தைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். 24 மணி நேரக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.

"வென் வில் யூ வெகேட்?" என்று கேட்டால் பயப்பட வேண்டாம். உங்களைத் துரத்தவில்லை. எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் நீங்களே வேலைக்குச் சேரலாம். அப்போது "நோ ரூம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாதீர்கள். "ஸாரி சார், ஆல் ரூம்ஸ் ஆர் ஃபுல்" என்று சொல்லுங்கள். "யுவர் குட் நேம் ப்ளீஸ்?" என்பது நம் நாட்டு ஆங்கிலம். வெளிநாட்டுக்காரர் கேட்டால் விழிப்பார். அவரிடம் "யுவர் நேம், ப்ளீஸ்" போதும். அவருடைய பாஸ்போர்ட்டையும் விசாவையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் வேகமாகப் பேசினால் "ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி" என்று சொல்லலாம். அதில் வெட்கம் இல்லை.

அறையைக் காலி செய்யும்போது "பில் ப்ளீஸ்" என்று கேளுங்கள். அட்வான்ஸ் கட்டிய ரசீதைக் காட்டி, "பேலன்ஸ் ப்ளீஸ்" என்று மீதியை வாங்கிக்கொள்ளுங்கள். சாவியை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.