புற்றுநோயின் மூலக்கலங்களும் மருந்துக்கு அடங்காமையும்

சாட்டிக் கடற்கரை மணலிலே எவரும் நட்டு நீரூற்றாமல் பூத்து நிற்பது பட்டிப்பூ. நித்தியகல்யாணி என்றும் அதனை வழங்குவர். கனடா தேசத்து அறிஞர்களாகிய றொபேட் நோபிள், சாள்ஸ் பியர் என்போர் அதன் இலைச்சாறு நீரிழிவுக்கு மருந்தாகுமோ என ஆராய்ந்தனர். எலிகளின் குருதியிற் சர்க்கரை குறையவில்லை. வெண்குருதிக் கலங்களே குறைந்தன. அத் துப்பைப் பின்பற்றி 1958 ஆம் ஆண்டில் வின்பிளாஸ்ரின் என்னும் மருந்தை வெளிப்படுத்தினர். பின்னர் வின்கிறிஸ்ரினும் அதே செடியிலிருந்து கிடைத்தது. சிறுவர்க்கு வரும் குருதிப் புற்றுநோயைத் தீர்க்கும் மருந்துக் கூட்டில் வின்கிறிஸ்ரின் இன்றும் இடம்பெறுகின்றது.

இத்தகைய வலிய மருந்துகள் இருந்தும், சிலரிடத்திற் கட்டி கரைந்து மறைந்தபின் ஏன் மீண்டும் தோன்றுகின்றது? முன்னர் கேட்ட மருந்து பின்னர் ஏன் கேளாது போகின்றது? இவ்வினாக்களுக்கு விஞ்ஞானம் கண்ட விடைகளுள் ஒன்றை ஈண்டு விளக்க முயல்வோம்.

முதலிற் கணக்கொன்றை நோக்குவோம். ஒரு சதமமீற்றர் அகலமுள்ள கட்டியில் ஏறத்தாழ நூறு கோடி கலங்கள் உள. ஆயிரத்துக்கு 999 கலங்களை மருந்து அழித்துவிட்டதெனக் கொள்வோம். கட்டி கண்ணுக்கும் கைக்கும் புலப்படாது. ஆயினும் பத்து இலட்சம் கலங்கள் எஞ்சியிருக்கும். ஆகவே, எத்தனை கலங்கள் எஞ்சின என்பதோடு எத்தகைய கலங்கள் எஞ்சின என்பதையும் கேட்டல் வேண்டும்.

எமது உடலின் தோலும் குருதியும் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவன. அவற்றைப் புதுப்பிப்பவை மூலக்கலங்கள். ஒரு மூலக்கலம் பிரியும்போது தன்னைப்போல் ஒன்றையும், தொழில் செய்து மடியும் கலங்களின் வழித்தோன்றல் ஒன்றையும் தரவல்லது. புற்றிலும் இத்தகைய தாய்க்கலங்கள் உண்டு என்பதே நாம் கூறவந்த கொள்கை. ரொறன்ரோவில் ஜோன் டிக் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1994 இலும் 1997 இலும், மனிதரின் குருதிப் புற்றுக் கலங்களை நோயெதிர்ப்பு ஆற்றலற்ற எலிகளுட் செலுத்திப் பார்த்தனர். அரிதாய்க் கிடைக்கும் ஒரு வகைக் கலங்களே நோயை மீண்டும் உண்டாக்கின. 2003 இல் மைக்கேல் கிளாக் குழுவினர் மார்புப் புற்றிலும் இதனைக் கண்டனர். குறித்த அடையாளமுள்ள 100 கலங்கள் புதுக்கட்டியை வளர்த்தன. ஏனைய கலங்கள் பல்லாயிரம் சேர்ந்தும் வளர்க்கவில்லை.

தோட்டஞ் செய்த எம்மவர்க்கு இஃது எளிதில் விளங்கும். கோரைப்புல்லை மேலே செருக்கினால் நிலம் துப்புரவாகத் தோன்றும். மழை விழுந்ததும் மண்ணுள்ளிருக்கும் கிழங்கு மீண்டும் தளிர்விடும்.

இக் கலங்கள் மருந்துக்குத் தப்புவது எங்ஙனம்? முதலாவது, உறக்கம். பட்டிப்பூ மருந்துகள், கலம் இரண்டாகப் பிரியும்போது தோன்றும் கதிர்நார்களைக் குலைத்தே அதனைக் கொல்கின்றன. பிரியாது உறங்கிக் கிடக்கும் கலத்திற் குலைப்பதற்குக் கதிரே இல்லை. இரண்டாவது, இறைப்பு. கலத்தின் மென்சவ்விற் சில புரதங்கள் நீர்ப்பம்பிபோல் இருந்து, உட்புகுந்த மருந்தை வெளியே தள்ளுகின்றன. பி-கிளைக்கோபுரதம் என்னும் இவ்வகைப் பம்பியை ஜூலியானோ, விக்ரர் லிங் என்போர் 1976 இல் அறிவித்தனர். வின்கிறிஸ்ரினையும் அது வெளியேற்றவல்லது. மூன்றாவது, திருத்தம்; மருந்தாலும் கதிர்வீச்சாலும் பரம்பரையலகுகளுக்கு நேர்ந்த சேதத்தைச் சில கலங்கள் விரைந்து சரிசெய்கின்றன.

பம்பியை அடைத்துவிட்டால் என்னவென்று மாணவர் கேட்கலாம். முயன்று பார்த்தனர். ஆனால் அதே பம்பிகள் எமது குடல், ஈரல், சிறுநீரகம், மூளைக் குருதிக்குழாய் ஆகியவற்றிலும் நின்று நஞ்சகற்றிக் காவல்புரிகின்றன. காவலை நிறுத்தினால் நோயாளியே தாக்குண்பார்.

இக் கொள்கை எல்லாப் புற்றுக்கும் ஒரே அளவிற் பொருந்துவதன்று. தோலில் எழும் மெலனோமாவில் ஏறத்தாழ நான்கிலொரு கலம் புதுக்கட்டியை உண்டாக்கவல்லது என 2008 இல் ஓர் ஆய்வு காட்டிற்று. சாதாரண புற்றுக்கலம் தாய்க்கலத்தின் இயல்புக்குத் திரும்புவதும் உண்டு. மேலும், மூலக்கலமல்லாத கலங்களும் விகாரமுற்று மருந்தை வெல்லும். ஆதலாற்றான் மருத்துவர் ஒரு மருந்தை மட்டும் நம்பாது, வெவ்வேறு வழியில் தாக்கும் பல மருந்துகளைச் சேர்த்துக் குறித்த முறைகளாகப் பகுத்துக் கொடுக்கின்றனர்.

இலங்கை ஆண்களிடத்து மிகுதியாய்க் காணப்படும் புற்று வாய்ப்புற்று. வெற்றிலையுடன் மெல்லும் புகையிலையும் பாக்கும் அதற்குக் காரணமாவன. புகையிலையின்றிப் பாக்குத் தானும் புற்றை விளைக்கும் என்பதை அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004 இல் வெளியிட்ட நூல் உறுதிசெய்தது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளிலும் மூலக்கலங்கள் உளவென 2007 இல் அறியப்பட்டது. வாயினுள் ஆறாத புண்ணோ வெண்திட்டோ சிவந்த திட்டோ கண்டால், அது சிறிதாய் இருக்கும்போதே காட்டுதல் வேண்டும். கலங்கள் குறைவாயிருக்கும் காலத்தில் அறுவையால் முற்றாக அகற்றுதல் எளிது. மருந்துக்கு அடங்காத கலம் அங்கு தோன்றும் வாய்ப்பும் குறைவு.

தீவகத்தார்க்கு வைத்தியம் நெடுந்தொலைவு. வேலணையார் பண்ணைப் பாலம் கடக்கவேண்டும். நயினாதீவாரும் நெடுந்தீவாரும் முதலிற் குறிகட்டுவானுக்குப் படகேறவேண்டும். 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து திரட்டிய பொருளைக்கொண்டு தெல்லிப்பழையிற் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தமையால், மகரகமை வரை செல்லும் துன்பம் பலர்க்குக் குறைந்தது. எனினும், கட்டி வற்றியதும் சுகம் வந்துவிட்டதென எண்ணிப் பயணத்தை நிறுத்திவிடுவோர் உளர். உறங்கும் கலங்களுக்கு அதனினும் நல்வாய்ப்பு வேறில்லை. பட்டிப்பூ இலையை அவித்துக் குடித்து ஆறலாம் என நினைப்பதும் ஆபத்து. செடி நச்சுத்தன்மையுடையது, அளவறிந்து தூய்மைசெய்த மருந்தே பயன்தரும்.

நம் கல்லூரியிற் கற்கும் மாணவருள் நாளை மருத்துவரும் ஆராய்ச்சியாளரும் தோன்றுவர். உறங்கும் கலத்தை எழுப்பியோ, முதிரச்செய்தோ அழிக்கும் வழியை அவர் தேடுக. அதுவரை நம்மனைவர்க்கும் உரிய கடன் இரண்டு: நோயை முந்திக் காட்டுதல், மருத்துவர் போதுமெனக் கூறும்வரை சிகிச்சையை விடாதிருத்தல்.