மலைச்சாலை சைக்கிளுக்கு டியூப்லெஸ் டயர்

சைக்ளோகிராஸ் சைக்கிள் பார்வைக்கு ரேஸ் சைக்கிள் போலவே இருக்கும்: வளைந்த ஹேண்டில்பார், எடை குறைந்த சட்டம், மெல்லிய சக்கரம். டயரில்தான் வித்தியாசம். பெல்ஜியம், பிரான்ஸ் போன்ற நாடுகளில் குளிர்காலச் சேற்றில் ஓட்டும் பந்தயத்துக்காக உருவானதால், டயரில் சிறு ரப்பர் முனைகள் புடைத்திருக்கும். சர்வதேசப் போட்டிகளில் டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

பழனி மலைச் சாலைகளுக்கு இது பொருத்தமான வண்டி. பூம்பாறை, மன்னவனூர், கூக்கல் பக்கமோ தாண்டிக்குடி காபித் தோட்டங்களுக்குள்ளோ போனால், தார்ச்சாலையை விட்டு விலகியதும் மண்ணும் சரளையும் வந்துவிடும். சிக்கல் டியூபில்தான். காற்றைக் குறைத்தால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, அருகருகே இரண்டு கீறல் விழும். காற்றைக் கூட்டினால் டயர் விறைத்து, ஈரமான பைன் சருகில் வழுக்கும். அடிவாரத்துச் சீமைக் கருவேல முள் தனித் தொல்லை. டியூப்லெஸ் டயரில் நசுங்க டியூபே இல்லை. குறைந்த காற்றில் ஓட்டலாம், சிறு துளைகள் தானாக அடைபடும்.

கார், பைக்குகளில் டியூப்லெஸ் டயர் பழகிப்போன ஒன்று. சைக்கிளில் அது எளிதாக அமையாததற்குக் காரணம் ஸ்போக். அலாய் சக்கரத்தில் காற்று வெளியேற வழியில்லை. ஸ்போக் சக்கரத்தின் ரிம்மிலோ வரிசையாக ஓட்டைகள். ஸ்போக் வைத்த பைக்குகள் பெரும்பாலும் டியூபோடு வருவதும் இதனால்தான். ஆகவே மாற்றும் வேலையின் பெரும்பகுதி அந்த ஓட்டைகளை அடைப்பதே.

முதலில் ரிம்மைப் பார்க்க வேண்டும். டியூப்லெஸுக்கென வடிவமைத்த ரிம்மின் நடுவில் ஒரு பள்ளமும், இரு ஓரங்களில் டயரின் விளிம்பு நழுவாமல் பிடிக்கும் மேடும் இருக்கும். பழைய ரிம்மில் இவை இல்லாவிட்டால் வளைவில் டயர் பிதுங்கிக் காற்று இறங்கலாம். டயரும் டியூப்லெஸ் வகையாகவே இருக்க வேண்டும். சாதாரண டயரின் விளிம்பு காற்றழுத்தத்தில் நெகிழ்ந்து ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும்.

அடுத்து டேப். பழைய பட்டையை எடுத்துவிட்டு, ரிம்மை ஸ்பிரிட்டால் பிசுக்குப் போகத் துடைக்க வேண்டும். ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலான டேப்பை இழுத்துப் பிடித்து, பள்ளத்தோடு அழுந்தும்படி சுற்ற வேண்டும். தொடக்கமும் முடிவும் வால்வு ஓட்டையைத் தாண்டி ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். பிறகு கூரிய முனையால் சிறு துளையிட்டு வால்வைச் செருகி, நட்டைக் கையால் முடுக்கினால் போதும்.

டயரின் இரு விளிம்புகளையும் நடுப்பள்ளத்தில் தள்ளினால் தளர்வு கிடைத்து, டயர் கையாலேயே ஏறும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டுக் காற்றை ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும். மெதுவாக ஏற்றினால் காற்று பக்கவாட்டில் போய்விடும். கம்ப்ரசர் இருந்தால் வேலை சுலபம்; பஞ்சர் கடை முனை சைக்கிளின் மெல்லிய வால்வில் பொருந்த அடாப்டர் வேண்டும். விளிம்பு மேடேறி உட்காரும்போது ‘படக் படக்’கென்று சத்தம் கேட்கும்.

பிறகு காற்றை இறக்கி, சக்கரத்துக்கு ஏறத்தாழ 60 மில்லி சீலன்ட் ஊற்ற வேண்டும். பல சீலன்ட்களின் அடிப்படை ரப்பர் பால். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் இறக்குகிற அதே பால். உறையாமல் இருக்க அதில் அம்மோனியா சேர்ப்பதுண்டு. துளை வழியே கசிந்து வெளிக்காற்று பட்டதும் பால் உறைந்து அடைத்துவிடும். வால்வின் ஊசியைத் திரும்பப் பொருத்தி, மறுபடி காற்றடித்துச் சக்கரத்தைக் குலுக்கி, இரு பக்கமும் மாறி மாறிப் படுக்கவைத்தால் எல்லா இடத்திலும் பரவும்.

காற்றின் அளவை ஓட்டுபவரின் எடையும் பாதையும் தீர்மானிக்கும். 33 மில்லிமீட்டர் டயருக்கு 30 முதல் 40 பி.எஸ்.ஐ. வரை வைத்துப் பார்க்கலாம். வத்தலக்குண்டில் 35 நிரப்பிவிட்டு, ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவீடு சுமார் 3 பி.எஸ்.ஐ. கூடும். கீழே 32 டிகிரி, மேலே 16 டிகிரி என்றால் குளிர் அந்த உயர்வைக் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடும். இறங்கும்போது கணக்கு தலைகீழ். ரிம்மை உரசும் பிரேக்கென்றால் நீண்ட இறக்கத்தில் ரிம் சூடேறி அழுத்தம் கூடும். டேப்பின் பசையும் இளகலாம். இடையிடையே நின்று ஆறவிடுவது நல்லது. டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை.

சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும். அடிவாரத்து வெயிலில் இன்னும் சீக்கிரம். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்த்து நிரப்ப வேண்டும். சில மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கிழிசல் அதில் அடைபடாது. பைக் பஞ்சருக்குச் செருகும் ரப்பர் திரியின் மெல்லிய வகை தேவைப்படும். அதற்கும் அடங்காவிட்டால் வால்வைக் கழற்றி டியூபைப் போட்டு ஓட்டலாம். அதனால் மலைப்பாதையில் போகிறவர்கள் ஒரு டியூபும் கைப்பம்பும் வைத்திருப்பது அவசியம்.