ஏரி போனது, கரகம் நிற்கவில்லை!

நீலசந்திராவில் "ரோஸ் கார்டன்" என்று ஒரு பகுதி உண்டு. ரோஜாத் தோட்டத்தைத் தேடிப் போனால் கிடைக்காது. வீடும் கடையும் நெருக்கியடித்து நிற்கின்றன. பெங்களூரில் இப்படிப் பெயரில் மட்டும் தோட்டமும் ஏரியும் மிஞ்சிய இடங்கள் பல. இந்த நகரைத் தோட்ட நகரமாக்கப் பாடுபட்டவர்களில் ஒரு சமூகத்தார் திகளர்கள்.

திகளர்கள் யார்?

இவர்களுக்கு வன்னிகுல சத்திரியர் என்ற பெயரும் உண்டு. கன்னடத்தில் "திகளர்" என்ற சொல்லுக்குத் தமிழர் என்றும் பொருள். பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். 1760-ல் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியபோது அழைத்து வரப்பட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஏரிக்கரைகளில் பூவும், கீரையும், காய்கறியும் பயிரிட்டு நகரத்துக்குக் கொடுத்தவர்கள்.

பெண் வேடம்

இவர்களுடைய குலதெய்வம் திரௌபதி. சிட்டி மார்க்கெட்டுக்கு அருகே திகளர்பேட்டையில் உள்ள தர்மராய சுவாமி கோயிலில், யுகாதிக்குப் பின் வரும் முதல் பௌர்ணமி இரவில் கரகம் புறப்படும்.

திமிராசுரனை அழிக்கத் திரௌபதி வீரகுமாரர்களைப் படைத்தாள். பிரிய மனமின்றி அவர்கள் வேண்டியதால் ஆண்டுக்கு ஒரு முறை வருவதாக வாக்குக் கொடுத்தாள் என்பது ஐதீகம். அந்த வாக்குதான் இந்தத் திருவிழா.

கரகம் சுமப்பவர் ஆண். விரதமிருந்து, சேலை கட்டி, வளையல் அணிந்து, தாலியும் பூண்டு திரௌபதியாகவே வருகிறார். தலையில் மல்லிகையால் மூடிய கரகம். அதைக் கையால் பிடிப்பதில்லை. உருவிய வாளுடன் வீரகுமாரர்கள் "கோவிந்தா, கோவிந்தா" என்று சூழ்ந்து வருவார்கள். கரகம் தவறி விழுந்தால் சுமப்பவரையே வெட்ட வேண்டும் என்பது பழைய கட்டளை.

தர்காவில் கரகம்

காட்டன்பேட்டையில் உள்ள தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் சென்று திரும்புவது குறிப்பிடத்தக்கது. இந்து, முஸ்லிம் என்ற வேற்றுமை அன்று இல்லை.

செஞ்சி, விழுப்புரம் பக்கத்துக்காரர்களுக்குத் திரௌபதி அம்மன் புதியவள் அல்ல. அங்கே தீமிதியும் பாரதக் கூத்தும் நடக்கும். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலிலும் அவளுக்காகத் தீ மிதிக்கிறார்கள்.

ஏரி எங்கே?

கரகச் சடங்குக்கு நீர்நிலை வேண்டும். அது சம்பங்கி ஏரி. அந்த ஏரியில் இன்று கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது. சடங்குக்கென ஒரு சிறு குளம் மட்டும் மிச்சம். பௌர்ணமிக்கு முன் நடக்கும் "ஹசி கரக" சடங்கை அந்த இடத்தில் இன்றும் விடாமல் செய்கிறார்கள். கொரோனா பரவிய 2020-ல்கூட ஊர்வலத்தை விட்டார்களே தவிர, பூஜையை விடவில்லை.

தோட்டம் போயிற்று, ஏரி போயிற்று. வீட்டுப் பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்துவிட்டன. பிள்ளைகள் படிப்பது கன்னடமும் ஆங்கிலமும். ஆனால் அந்த ஓர் இரவு போகவில்லை.

பிள்ளைகளுக்கு என்ன?

அமெரிக்காவில் ஒனைடா என்ற பழங்குடியினர் உண்டு. சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் வளர்த்த உழவர்கள். நிலத்தில் பெரும்பகுதியை இழந்து சிதறிய பிறகும், மறந்துபோகும் தாய்மொழியை வகுப்பு வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

பிழைப்புக்காக வந்து நீலசந்திராவில் குடியேறிய தமிழர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியவில்லை என்றால், அடுத்த தலைமுறையில் பேச்சும் நிலைக்குமா? பள்ளியில் இடமில்லாவிட்டால், மாலையில் அரைமணி நேரம் வீட்டிலேயே சொல்லித் தரலாம்.

அடுத்த கரகத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவுக்கு மேல்தான் கரகம் வெளியே வரும். திரும்பி வரப் பஸ் இருக்காது. விடியும்வரை அங்கேயே இருந்து பார்த்துவிட்டு வரலாம்.