தாழொலிக்கு ஒரு பெட்டி

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்தில், மின்னிணைப்பில்லாத திடலொன்றில் இளைஞர் இசைக்குழு பாடுமாயின், முதலில் அடங்கிப்போவது பேஸ் கிதாரே. அதற்கெனக் கையில் தூக்கிச் செல்லும் பெருக்கி ஒன்றைக் குறைந்த செலவில் நாமே அமைக்கலாம்.

பேஸ் கிதாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அத்துணைத் தாழ்ந்த ஒலியை உணர்வதில் நம் செவி மந்தமானது. ஆதலால் மிகுந்த ஆற்றல் வேண்டும். 12 வோல்ட் மின்கலத்தாலோ, மகிழுந்து வானொலிக்கென உருவான டிடிஏ 2003 என்னும் மலிவான சில்லின் வழியே, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 4.5 வாட்டுக்குமேல் திரிபின்றித் தர இயலாது.

இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்வது மரப்பெட்டி. வெற்று ஸ்பீக்கரின் முன்னலையும் பின்னலையும் எதிரெதிராக எழுந்து தாழொலியை அழித்துவிடும். காற்றுப் புகாத பெட்டி பின்னலையை அடைத்துவைக்கும். பழைய ஒட்டுப்பலகையே போதும்; மூலைகளில் பசை நிரம்பட்டும். காரீய அமில மின்கலம் மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜனை உமிழக்கூடுமாதலால், அதனைப் பெட்டிக்கு வெளியே பொருத்துக.