ஒயில் விற்றால் போதுமா, அளவும் சொல்ல வேண்டாமா?

சாமானைக் கொடுத்து, காசை வாங்கி லாச்சியில் போட்டதோடு எமது பொறுப்பு முடிந்துவிட்டது என்று நினைக்கும் வியாபாரிகள் எம்மில் அநேகர். அக்கரைப்பற்றில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை நடத்திவரும் நானும் இருபது வருடங்களுக்கு மேல் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டு கேன் எஞ்சின் ஒயில் அந்த நினைப்பை மாற்றியது. உதிரிப்பாகம் விற்பவர்களுக்கும் மெசின் வைத்து வாடகைக்கு உழுபவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதனை இங்கே எழுதுகின்றேன்.

2023ஆம் ஆண்டு பெரும்போக விதைப்புக் காலம். ஒக்டோபர் மாதத்தில் முதல் மழை விழுந்தவுடன் எங்கள் வட்டைகளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மெசின் தேவைப்படும். அந்தச் சில கிழமைகளில் ஓடும் ஓட்டம்தான் மெசின்காரருக்கு வருட வருமானத்தில் பெரும் பங்கு. எனது வாடிக்கையாளரான ஒரு தம்பி, மனைவியின் நகையை விற்று, ஜப்பானில் பாவித்த சிறிய நான்கு சக்கர மெசின் ஒன்றை வாங்கியிருந்தார். விதைப்புக்கு முன் ஒயில் மாற்ற வேண்டும் என்று வந்தார். நான் நான்கு லீற்றர் கேன் இரண்டும் ஒயில் பில்டர் ஒன்றும் எடுத்துக் கொடுத்தேன். பெரிய மெசின்காரர்களுக்குக் கொடுத்துப் பழகிய கை. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை, கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம், அவர் வந்து வாசலில் நின்றார்.

"என்ன காக்கா ஒயில் தந்தீங்க? எண்ட மெசின் புகைஞ்சி சாகுது. கள்ள ஒயிலா?"

நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உதிரிப்பாகக் கடைக்காரனுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. போலி ஒயில் சந்தையில் இல்லாத சாமானல்ல. கள்ளச் சாமான் விற்கிறான் என்ற பேச்சு ஒரு முறை தேநீர்க் கடைக்குப் போய்விட்டால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. எனக்கும் கோபம் வந்தது. "இங்க கள்ளச் சாமான் விக்கிறல்ல தம்பி" என்று சத்தமாகவே சொன்னேன். பிறகு கோபத்தை விழுங்கிக்கொண்டு, "மெசின் இப்ப ஓடுதா, நிக்கிதா?" என்று கேட்டேன். "நிப்பாட்டிட்டுத்தான் வந்தன்" என்றார். அந்த நிறுத்தல்தான் அவரது எஞ்சினைக் காப்பாற்றியது, அல்ஹம்துலில்லாஹ்.

வயலோரத்தில் கண்டது

பக்கத்துக் கராஜ் பாஸையும் கூட்டிக்கொண்டு போனேன். மெசினைச் சமதரையில் நிறுத்தியிருந்தார். பாஸ் முதலில் ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்துத் திரும்பவும் விட்டு எடுத்தார். மேல் கோட்டுக்கும் மேலே இரண்டு விரல் அளவுக்கு ஒயில் ஏறியிருந்தது. கம்பியில் நுரைக் குமிழ் தெரிந்தது. எஞ்சின் மூச்சு விடும் குழாயின் வாயெல்லாம் ஒயில் வழிந்திருந்தது.

"எத்தனை லீற்றர் ஊத்தினீங்க?" என்று பாஸ் கேட்டார்.

"காக்கா ரெண்டு கேன் தந்தார். ரெண்டையும் ஊத்தினன்."

எனக்கு வாய் திறக்க முடியவில்லை.

கதை அதோடு முடியவில்லை. அந்த எஞ்சினின் அடித்தொட்டியில் வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக வடிக்கும் நட்டு இரண்டு இருந்தன. தம்பி ஒன்றை மட்டுமே கழற்றியிருந்தார். பழைய ஒயிலில் ஒரு பகுதி உள்ளேயே நின்றுவிட்டது. இரண்டையும் திறந்து அளவுக் கோடு போட்ட வாளியில் பிடித்தபோது ஒன்பது லீற்றர் அளவில் வந்தது. பில்டரையும் மாற்றிவிட்டு, கம்பியின் மேல் கோடு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தோம். அந்த எஞ்சின் கேட்டது ஐந்தரை லீற்றர் மாத்திரமே. மெசினோடு வந்த கைநூல் ஜப்பான் மொழியில் இருந்ததால் அதை ஒருவரும் திறந்தும் பார்த்ததில்லை.

ஒயில் கூடினால் நல்லதுதானே என்று எம்மவர்கள் நினைக்கிறார்கள். அது பிழை. அளவு மீறினால் சுழலும் கிராங்க் தண்டு ஒயிலில் அடிபட்டு அதை நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருப்பதால் பேரிங்குகளுக்குப் போகும் ஒயிலின் அழுத்தம் குறையும். மேலே ஏறும் ஒயில் மூச்சுக் குழாய் வழியாகவும் ரிங் வழியாகவும் எரியும் அறைக்குள் போய், நீலமும் வெள்ளையும் கலந்த புகையாக வரும். டீசல் எஞ்சினில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் தனது ஒயிலையே எரித்து, நிறுத்த முடியாத வேகத்தில் ஓடி வெடித்துவிடலாம். அப்படி ஓடினால் காற்று இழுக்கும் வாயைப் பலகையால் அடைப்பதே வழி. கையால் அடைக்கப் போகக் கூடாது.

கை பட்ட இடத்தை முதலில் பாருங்கள்

அன்று பாஸ் சொன்னதை மறக்க மாட்டேன். "ஒயில் மாத்த முந்தி இல்லாத வருத்தம் மாத்தின பிறகு வந்தா, மாத்தக்குள்ள கை பட்ட இடத்தப் பாருங்க." பம்பைக் கழற்றுவதும் எஞ்சினைப் பிரிப்பதும் கடைசியில்தான். பார்க்க வேண்டிய ஒழுங்கைக் கீழே தருகின்றேன்.

முதலாவது, அளவு. மெசினைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கம்பியைப் பாருங்கள். இரு கோடுகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். புதிய பில்டர் தன்னுள் ஒயிலை நிரப்பிக்கொள்வதால், முதல் தடவை ஓட்டி நிறுத்திய பின் அளவு கொஞ்சம் இறங்கும். ஆகவே இரண்டாவது தடவையும் பார்ப்பது அவசியம்.

இரண்டாவது, ஒயில் விளக்கு. புதிய பில்டர் நிரம்பும்வரை சிவப்பு விளக்கு சில விநாடிகள் எரிவது வழமை. பத்து விநாடி கடந்தும் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். வேகத்தைக் கூட்டினால் அணையும் என்று முறுக்குவதுதான் பேரிங்கைத் தின்னும் வேலை. நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு சில விநாடிகள் ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றினால், எஞ்சின் பற்றாமலேயே ஒயில் மேலே ஏறும். சில வேளை கோளாறு ஒயிலில் இராது. பில்டரைக் கழற்றும்போது பக்கத்தில் உள்ள விளக்கு வயர் விடுபட்டிருக்கும்.

மூன்றாவது, பில்டரின் ரப்பர் வளையம். பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் காணாமல் புதியதைப் பூட்டினால் வளையத்தின் மேல் வளையமாகி, எஞ்சின் சூடேறியதும் ஒயில் பீறிட்டு ஓடும். எஞ்சினைத் துணியால் துடைத்து, புதிய வளையத்தில் ஒயில் பூசி, கையாலேயே இறுக்க வேண்டும். வடிக்கும் நட்டின் வொஷரையும் கவனியுங்கள்.

நான்காவது, டீசல் வழி. ஒயில் மாற்றும் அன்றே டீசல் பில்டரையும் மாற்றுபவர்கள் பலர். பின்னர் ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டால் பழி ஒயிலின் மேல் விழும். உண்மையில் டீசல் குழாயில் காற்று நிற்கும். காற்று வடிக்கும் திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை பம்ப் பண்ணி இறுக்க வேண்டும். பூட்டிய டீசல் டப்பைத் திறக்க மறந்த மெசினைக் கயிறு கட்டி இழுத்து வந்ததையும் நான் கண்டிருக்கிறேன்.

ஐந்தாவது, காற்றுப் பில்டர். பழைய மெஸி பெர்கஸன் போன்ற மெசின்களிலும் பல கைமெசின்களிலும் காற்றுப் பில்டரின் அடியில் ஒயில் கிண்ணம் உண்டு. அதில் கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அதை உறிஞ்சிப் புகைக்கும். அடித்தொட்டியின் அளவு சரியாக இருந்தும் புகை வந்தால் இந்தக் கிண்ணத்தைப் பாருங்கள்.

ஆறாவது, ஒயிலின் வகை. கேனில் உள்ள ஏபிஐ தரத்தில் 'சி' எழுத்தில் தொடங்குவது டீசல் எஞ்சினுக்கும், 'எஸ்' எழுத்தில் தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கும் உரியது. எங்கள் வெப்பத்துக்குச் சிறிய டீசல் மெசின்களுக்கு 15டபிள்யூ-40 பொதுவாகப் பொருந்தும். ஹைட்ரோலிக் ஒயிலையும் கியர் ஒயிலையும் எஞ்சினில் ஊற்றக் கூடாது. புதிய ஒயில் ஓரிரு நாளில் கறுத்துவிட்டது, ஆகவே அது போலி என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. டீசல் எஞ்சினில் கரியைக் கழுவி எடுப்பது ஒயிலின் வேலை. அது கறுப்பது குறையல்ல.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால் வடித்த பழைய ஒயிலைப் பாருங்கள். அதனால்தான் அதை உடனே கொட்டிவிடாதீர்கள் என்கின்றேன். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. டீசல் மணத்தோடு நீர்த்திருந்தால் பம்ப் பக்கமிருந்து டீசல் கசிகிறது. உலோகத் தூள் மினுங்கினால் எஞ்சின் உள்ளே தேய்கிறது. இந்த மூன்றும் ஒயில் மாற்றியதால் வந்தவையல்ல, முன்பே இருந்தவை. அப்போது பாஸிடம் போவதே இலாபம். பார்த்து முடிந்த பின்னரும் வாய்க்காலில் கொட்டாமல் கேனில் சேர்த்து வையுங்கள்.

எனது கடையில் மாற்றியவை

அன்று தம்பியின் மெசின் பின்னேரம் வயலில் இறங்கியது. புதிய ஒயில், பில்டர், பாஸின் கூலி மூன்றையும் நானே பொறுத்தேன். அரை நாள் உழவு போன கூலியையும் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன். நடந்ததை மறுநாள் கடையில் நின்றவர்களிடம் மறைக்காமல் சொன்னேன். "ஒயில் கள்ளமில்ல, அளவு சொல்லாதது எண்ட பிழை" என்றேன். அதைச் சொல்வது பணம் கொடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரை அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. குறைத்துக் கொடுப்பது மட்டுமே மோசம் என்று நான் நினைத்திருந்தேன். ஐந்தரை லீற்றர் தேவைப்பட்டவருக்கு எட்டு லீற்றர் விற்றுவிட்டு, மிச்சத்தை என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டதும் அளவில் விட்ட பிழைதான் என்பதை அன்று விளங்கிக்கொண்டேன். தெரிந்து செய்யவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் நகை அந்த எஞ்சினுக்குள் இருந்தது.

இப்போது ஒயில் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்வி கேட்கின்றோம்: என்ன மெசின், எத்தனை குதிரை வலு, கடைசியாக எந்த மணிக் கணக்கில் மாற்றியது? பதிலை ஒரு கொப்பியில் எழுதுகின்றோம். மெசினின் அளவு தெரிந்தால் அதைக் கேனின் மேல் மார்க்கர் பேனையால் எழுதுகின்றோம். தெரியாவிட்டால் "கம்பி பார்த்து ஊற்றவும்" என்று எழுதுகின்றோம். இரண்டு பெரிய கேனுக்குப் பதிலாக ஒரு நான்கு லீற்றரும் இரண்டு ஒரு லீற்றரும் கொடுக்கின்றோம். முத்திரை உடையாத போத்தலைத் திரும்ப எடுக்கின்றோம். பற்றுச்சீட்டில் ஒயிலின் வகையையும் குறிக்கின்றோம். வெற்றுக் கேன் போலிக்காரர் கைக்குப் போனால் எமது பேர்தான் கெடும் என்பதால், ஓட்டை போட்ட பின்பே வீசச் சொல்கின்றோம்.

இதனால் ஓர் ஆளுக்கு இரண்டு லீற்றர் குறைவாக விற்கின்றேன் என்பது உண்மை. ஆனால் அந்தக் கொப்பியைப் பார்த்து, விதைப்புக்கு முன் "தம்பி, ஒயில் மாத்துற நேரம் வந்திட்டு" என்று நானே கோல் எடுக்கின்றேன். வாசலில் நின்று கள்ள ஒயிலா என்று கேட்ட அந்தத் தம்பி அடுத்த போகத்தில் தனது மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"காக்கா, இவருக்கும் எத்தனை லீற்றர் எண்டு எழுதிக் குடுங்க" என்றார்.

வாடிக்கையாளர் எம்மை நம்பி எமது கையால் வாங்குவது ஓர் அமானிதம். சாமானோடு அதன் அளவையும் பாவிக்கும் முறையையும் சேர்த்துக் கொடுப்போம். வியாபாரத்தில் பறகத் அதில்தான் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.