ஞாயிறு ஆராதனையும் திங்கட்கிழமை வேலையும்

மும்பையில் தமிழ் ஆராதனை நடக்கும் ஆலயம் எதற்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களில் இளைஞர்கள் பலர் இருப்பார்கள். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் பிறந்து, பிழைப்புக்காக ரெயில் ஏறி வந்தவர்கள். வாரத்தில் ஆறு நாளும் இந்தியும் மராட்டியும் பேசிக் களைத்த நாக்கு, அன்று ஒரு நாள்தான் தாய்மொழியில் இளைப்பாறுகிறது.

ஆராதனைக்குப் பிறகு வாலிபர் சங்கக் கூட்டம். அங்கே பாட்டு உண்டு, ஜெபம் உண்டு, வேத வினா-விடைப் போட்டி உண்டு. டிசம்பர் பிறந்துவிட்டால் வீடு வீடாகக் கேரல் பவனி. எல்லாம் நல்லவையே. ஆனால் மறுநாள் காலையில் வேலைக்குப் போன இடத்தில் எழும் கேள்விக்கு இந்தக் கூட்டங்களில் பதில் கிடைக்கிறதா?

எனக்குத் தெரிந்த ஒரு வாலிபரின் கதையைச் சொன்னால் விஷயம் விளங்கும்.

இரண்டு கிலோ

அவருக்கு அப்போது 23 வயது. பார்சல் அனுப்பும் நிறுவனம் ஒன்றில் எழுத்தர். மூட்டைகளை எடை போட்டு, சீட்டு எழுதிக் கொடுப்பது வேலை. ஊரில் தகப்பனார் இல்லை. தாயாரும், படிக்கிற தங்கையும் அவர் அனுப்பும் பணத்தை நம்பி இருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரம். ஊருக்குத் துணிமணியும் சாமான்களும் அனுப்புகிறவர்களின் கூட்டம் அதிகம். முதலாளி அவரைக் கூப்பிட்டு, "ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு கிலோ கூட்டி எழுது" என்றார். எடைக்கு ஏற்றபடி கட்டணம் அல்லவா? யாரும் திரும்ப எடை போட்டுப் பார்க்கப் போவதில்லை.

மூட்டை கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் அவரைப் போலவே கூலிக்கு உழைக்கும் தமிழர்கள். இரண்டு நாள் கூட்டி எழுதினார். மூன்றாவது நாள், அடுத்த தெருவில் வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மாள், சேலை முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாலிபர் சங்கத்தில் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கூட்டம் கொஞ்ச நேரம் மவுனமாக இருந்தது. பிறகு ஒருவர், "ஜெபம் பண்ணுங்க தம்பி, ஆண்டவர் வழி காட்டுவார்" என்றார். அடுத்து கேரல் பவனிக்கு யார் யார் வருவது என்று பேச்சு திரும்பிவிட்டது.

"ஜெபம் பண்ணுங்க" என்பது தவறான பதில் அல்ல. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், "உன் பாரத்தை நீயே சுமந்துகொள்" என்று சொன்னதாகத்தான் ஆகும்.

பாபிலோனில் ஓர் அரசு ஊழியன்

வேதாகமத்தில் வரும் வாலிபர்களில் முக்கியமான இருவர், ஊரை விட்டு வேறு தேசத்தில் வேலை பார்த்தவர்கள். யோசேப்பு எகிப்தில் ஓர் அதிகாரியின் வீட்டைக் கவனித்தான். தானியேல் பாபிலோன் அரசில் பணி செய்தான். தானியேல் சிங்கக் கெபியில் போடப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் உள்ள செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. அவனைக் கவிழ்க்க நினைத்த சக அதிகாரிகள், முதலில் அவனுடைய அலுவலில்தான் குற்றம் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அதற்குப் பிறகே அவனுடைய ஜெபத்தின் மேல் கை வைத்தார்கள்.

சகேயுவின் கதையும் இப்படித்தான். அவன் மனம் மாறியதற்கு அடையாளம் என்ன? அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். விசுவாசம் கணக்குப் புத்தகத்தில் தெரிந்தது.

கடைச் சிப்பந்தி தொடங்கிய சங்கம்

வாலிபர் ஊழியம் என்பதே இப்படிப்பட்ட தேவையிலிருந்து பிறந்ததுதான். இங்கிலாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் துணிக்கடைச் சிப்பந்தியாக வேலைக்குச் சேர்ந்தவர் ஜார்ஜ் வில்லியம்ஸ். அந்நாளில் கடைச் சிப்பந்திகள் நாள் முழுவதும் நின்று உழைத்துவிட்டு, கடையைச் சேர்ந்த அறைகளிலேயே நெருக்கியடித்துப் படுத்துக்கொள்வார்கள். உறவும் இல்லை; நல்ல வழி சொல்ல ஆளும் இல்லை. 1844-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி, 12 வாலிபர்கள் கூடித் தொடங்கியதே ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கம். இன்று மும்பையில் ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை அந்நியமானதா?

அந்தச் சங்கத்தில் 1895-ல் செயலாளராகச் சேர்ந்தவர், நம் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. முப்பது வயது ஆகும் முன்பே, 1903-ல், இந்தியரின் பணத்தைக் கொண்டு இந்தியரே நடத்தும் இந்திய மிஷனெரி சங்கத்தை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். பிறகு தாமே தெலுங்கு நாட்டுத் தோர்னக்கலுக்குப் போய், அந்த மொழியைக் கற்று, ஏழை மக்களிடையே உழைத்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். ஊரை விட்டு வந்தவனால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில்.

ஓலையில் வாசிக்காத கணக்கு

அலுவலகத்தோடு கேள்விகள் முடிந்துவிடவில்லை. வராத நண்பனுக்காக வருகைப் பதிவில் கையெழுத்துப் போடலாமா? வாங்காத மருந்துக்குப் பில் வைக்கலாமா? சக ஊழியன் வாங்கும் கடனுக்கு ஜாமீன் நிற்கலாமா?

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி திருமணத்தில் வருகிறது. ஆலயத்தில் மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசிக்கிறார்கள். மணமக்களின் பெயரும் பெற்றோரின் பெயரும் சபையார் அறியச் சொல்லப்படுகின்றன. எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம் என்பது மட்டும் எந்த ஓலையிலும் வருவதில்லை. வரதட்சணை தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை என்று 1986-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆனாலும், "பெற்றோர் பேசி முடித்தார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று மாப்பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். மேடையில் சாட்சி சொல்லத் தெரிந்த வாலிபனுக்கு, வீட்டில் "வேண்டாம்" என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? சாதி பார்த்துப் பெண் தேடுவதற்கும் இதே கேள்வி பொருந்தும்.

தனியாக நின்றால் வாய் வருவது கடினந்தான். அதனால்தான் சங்கம் வேண்டும்.

அண்ணாச்சி சொன்ன வழி

அந்தப் பார்சல் எழுத்தரின் கதைக்கு வருவோம். கூட்டம் முடிந்து அவர் படி இறங்கும்போது, சபையின் மூத்தவர் ஒருவர் தோளில் கை வைத்தார். இளம் வயதில் பஞ்சாலையில் வேலை பார்த்து, 1982-ம் ஆண்டு வேலைநிறுத்தத்தோடு வேலையை இழந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

"சம்பளம் நின்னா வீட்டில என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும் தம்பி. அதனால 'வேலையை விட்டுட்டு வா'ன்னு சும்மா சொல்ல மாட்டேன். நீ உள்ள எடையை மட்டும் எழுது. மற்றதை நாங்க பார்த்துக்கிடுறோம்" என்றார்.

அன்று மாலையே நான்கைந்து பேரைக் கூட்டிப் பேசினார். வேலை போனால் இரண்டு மாத அறை வாடகையைத் தாங்கள் பகிர்ந்துகொள்வது, ஊருக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கைக் கைமாற்றாகத் தருவது, வேறு வேலை தேடுவது என்று முடிவாயிற்று. நம் ஊர்ச் சபைகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துக் காணிக்கையாகக் கொடுப்பார்களே, அதுபோல ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள்.

திங்கட்கிழமை அவர் முதலாளியிடம் பணிவாக, "தராசு காட்டுவதைத்தான் எழுத முடியும்" என்றார். அந்த வார இறுதியில் வேலை போயிற்று. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. கைமாற்றைத் திருப்பிக் கொடுக்க ஓராண்டு ஆயிற்று.

வாலிபர் சங்கங்களை நடத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மாதத்தில் ஒரு கூட்டத்தை வேலை, பணம், திருமணம் பற்றிய கேள்விகளுக்கு ஒதுக்கலாம். உலகம் கண்ட பெரியவர்கள் இரண்டு பேரை உட்கார வைக்கலாம். அங்கே சொன்னது வெளியே போகாது என்று உறுதி தர வேண்டும். ஆபத்துக்கு உதவ ஒரு சிறு நிதியும், அதற்கு ஒழுங்கான கணக்கும் வேண்டும். இதற்குப் பெரிய மண்டபமோ ஒலிபெருக்கியோ தேவையில்லை.

அந்த வாலிபர் இப்போதும் அதே ஆலயத்துக்கு வருகிறார். சங்கத்தின் கணக்கு அவர் கையில்தான் இருக்கிறது. புதிதாக ஊரிலிருந்து வருகிற பையன்களிடம் அவர் முதலில் கேட்பது, "பாடத் தெரியுமா?" என்பதல்ல, "வேலை செய்கிற இடத்தில் ஏதாவது சங்கடம் உண்டா தம்பி?" என்பதுதான்.