சாளரத்தின் முதலளவு

கணிப்பொறியில் ஒரு செயலியைத் திறந்தவுடன் திரையில் விரியும் நாற்கோணப் பரப்பைச் சாளரம் என வழங்குகின்றோம். அது முதன்முதல் எத்துணை அகலமும் உயரமும் கொண்டு தோன்றுதல் வேண்டும்? நிரல் எழுதுவோர் பலர் இதனைச் சிறு காரியமாக எண்ணி, மனத்திற்பட்ட ஓர் எண்ணை எழுதிவிட்டு அப்பாற் செல்வர். அவ்வெண்ணால் தமிழில் செயலியைப் பயன்படுத்துவோர்க்கு நேரும் இடரை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

ஜாவா மொழியின் ஸ்விங் என்னும் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 1998-ஆம் ஆண்டில் ஜாவாவின் 1.2-ஆம் பதிப்போடு சேர்க்கப்பெற்ற இதன்கண் அளவு குறிக்க இருவழிகள் உள. ‘செட்சைஸ்’ என்னும் கட்டளை, இத்தனை படப்புள்ளி அகலம், இத்தனை உயரம் என்று ஆணையிடுவது. ‘பேக்’ என்னும் கட்டளையோ, உள்ளே வைக்கப்பெற்ற பொத்தான் முதலிய உறுப்புக்களை, ‘உமக்கு வேண்டும் இடம் யாது?’ என வினவி, அவ்விடைக்கேற்பச் சாளரத்தை அமைப்பது.

1987-இல் வந்த வி.ஜி.ஏ. திரையை 640-க்கு 480 என்னும் சாளரம் முழுதும் நிறைத்தது. 3840-க்கு 2160 புள்ளியுள்ள திரையிலோ, இயங்குதளம் பெருக்கிக் காட்டாதாயின், அஃது இருபத்தேழில் ஒரு பங்கே. இதனைப் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்கலாகாதது வேறொன்று.

ஆங்கிலத்தில் ஏவல்வினை முன்னும் செயப்படுபொருள் பின்னும் நிற்கும். தமிழில் வினை இறுதியில் நிற்றலே இயல்பு என்பது இலக்கணம் பயில்வார்க்கு யாம் கூறவேண்டுவதன்று. உதவித்தொகை வேண்டும் மாணவன் ஒருவன்முன் இரு பொத்தான்கள் உள்ளன என்க: ‘விண்ணப்பத்தை உறுதிசெய்க’, ‘விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுக’. ஆங்கிலச் சொற்களுக்கு அளந்த சாளரத்தில், சம அகலமுள்ள கட்டங்களில் இவற்றை வைத்தால், இடம் போதாமையின் ஸ்விங் ஈற்றை வெட்டி மூன்று புள்ளி இடும். இரண்டும் ‘விண்ணப்பத்தை...’ என்றே நிற்கும்! ஆங்கிலத்தில் வெட்டுண்டாலும் வினை பிழைக்கும்; தமிழில் வினையே மடிகின்றது. அம்மாணவன் எதனை அழுத்துவான்?

ஆதலின் பேக் வழியே சிறந்ததென்பது எம் துணிபு. ஆயினும் முறை பிறழலாகாது. உறுப்புக்களையெல்லாம் வைத்து, மொழிபெயர்த்த சொற்களையும் இட்ட பின்னரே பேக் செய்தல் வேண்டும். திரை நடுவில் நிறுத்துவது அதற்கும் பின்னர். முன்னரே நிறுத்தினால் சாளரத்தின் இடப்பக்க மேல்மூலை நடுவில் நின்று, உடல் வலப்புறமும் கீழ்ப்புறமுமாக ஒதுங்கிவிடும். பேக் தந்த அளவையே குறைந்த அளவாகவும் விதித்துவிட்டால், பின்னர் எவரும் சாளரத்தைச் சுருக்கிச் சொல்லை மறைத்தல் அரிது.

நெடிய உரை எழுதும் கட்டத்திற்கு மட்டும் எண் கொடுத்தே தீரவேண்டும். அதனையும் புள்ளியாலன்றி வரியாலும் பத்தியாலும் கொடுக்கலாம். ஆனால் ஸ்விங் ஒரு பத்திக்கு ‘எம்’ என்னும் உரோம எழுத்தின் அகலத்தை அளவுகோலாகக் கொள்கின்றது. ‘ணை’, ‘ஞௌ’ போன்றவை அதனுள் அடங்குமோ? 40 பத்தி எனக் கொடுத்துவிட்டு 40 தமிழெழுத்தை எதிர்நோக்காமல், உண்மையில் எழுதப்படும் தமிழ் வரி ஒன்றை இட்டுப் பார்த்து அவ்வெண்ணைத் துணிக.